சிறு தொலைநோக்கிகளின் ஆய்வுப் பங்களிப்பு: சென்னை முதல் காவலூர் வரை (1861–1988)

ஆய்வுச் சுருக்கம்

வானியல் வளர்ச்சி தொலைநோக்கிகளின் விட்டப் பெருக்கத்தோடு இணைத்தே பெரும்பாலும் பேசப்படுகிறது. சென்னை வானாய்வகத்திலும் காவலூரிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுடைய கருவிகளைக்கொண்டு நிகழ்ந்த ஆய்வுகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இவ்வாய்வுகளின் வெற்றிக்கு இருப்பிடம், தொடர் நோக்கல், பதிவொழுங்கு ஆகியன காரணமாயின என்பதையும், ஒற்றை நிலையத்தின் தரவுக்குரிய எல்லை எது என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சென்னை வானாய்வகம், காவலூர், மாறுவிண்மீன், குறுங்கோள், மறைப்பு நிகழ்வு.

முன்னுரை

1786ஆம் ஆண்டு வில்லியம் பெட்ரி என்பவர் சென்னையில் தம் சொந்த முயற்சியால் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். 1792ஆம் ஆண்டு அது நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிறுவனமாக நிலைபெற்றது. கடற்பயணத்திற்கும் நில அளவைக்கும் துணைசெய்வதே அதன் தொடக்க நோக்கமாக இருந்தது. காலப்போக்கில் அது விண்மீன் ஆய்வுக்கும் களமாயிற்று. அங்கிருந்த கருவிகள் ஐரோப்பாவின் பெருங்கருவிகளோடு ஒப்பிடத்தக்கன அல்ல. எனினும் சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்திருந்தமையால், ஐரோப்பிய நோக்கர்களுக்குப் புலப்படாத தென்வானின் பெரும்பகுதி அங்கிருந்து காணத்தக்கதாயிற்று. இவ்வேறுபாடே பின்வந்த ஆய்வுகளுக்கு அடித்தளமாகும்.

போக்சனும் இரகுநாதாச்சாரியும்

விண்மீன்களின் ஒளித்தரத்திற்குக் கணித அடிப்படையிலான அளவுகோலை 1856இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். 1861இல் சென்னை வானாய்வகப் பொறுப்பை ஏற்ற அவர், அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் ஒரு குறுங்கோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் குறுங்கோள் ஆதலின் அது ‘ஏசியா’ எனப் பெயர் பெற்றது. அதனைத் தொடர்ந்து சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) ஆகியவையும் சென்னையிலிருந்தே கண்டறியப்பட்டன. போக்சன் காலத்தில் பயன்பட்ட 20 செ.மீ. விட்டமுடைய குக் நிறுவனத் தொலைநோக்கி பின்னர்க் கோடைக்கானலுக்கு எடுத்துச்செல்லப்பட்டது.

1863ஆம் ஆண்டு மே மாதம் விருச்சிக விண்மீன் குழுவில் திடீரென ஒளிர்ந்த ஒரு விண்மீனைப் போக்சன் பதிவு செய்தார். ‘யூ ஸ்கார்ப்பி’ என இன்று வழங்கப்படும் அது, மீண்டும் மீண்டும் வெடித்தொளிரும் நோவா வகையினைச் சார்ந்தது என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. அதன் வெடிப்பு 2010இல் நிகழ்ந்தபோது, அமெரிக்காவின் தன்னார்வ நோக்கர்கள் தம் சிறு தொலைநோக்கிகளால் அதனை முதலில் கண்டனர். வெடிப்புகளுக்கிடையே உள்ள கால இடைவெளியைக் கணிக்க முற்படும் ஆய்வாளருக்குத் தொடர்வரிசையின் முதற் கண்ணியாக அமைவது 1863ஆம் ஆண்டுச் சென்னைப் பதிவே ஆகும்.

போக்சனின் முதன்மை உதவியாளரான சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867இல் ‘ஆர் ரெட்டிக்குலி’ என்னும் விண்மீனின் ஒளி மாறுபடுவதைக் கண்டறிந்தார். அவ்விண்மீன் வான நடுவரைக்குத் தெற்கே ஏறத்தாழ 63 பாகையில் உள்ளது. சென்னையில் அது உச்சமடையும்போதும் தொடுவானிலிருந்து 14 பாகை அளவே உயரும். இலண்டனில் அது தொடுவானுக்கு மேலே எழுவதே இல்லை. நாள்தோறும் விண்மீன் நிலைகளை அளந்து பதியும் வழக்கமான பணியில் ஈடுபட்டிருந்தவருக்கே இத்தகைய மாறுபாடு புலனாகும். 1872இல் இரகுநாதாச்சாரி அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பரில் நிகழவிருந்த வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை அவர் இந்திய மொழிகளிலும் உருவாக்கினார். குடியேற்ற ஆட்சிக்கால நிறுவனமொன்றில் உதவியாளர் நிலையிலிருந்த ஒருவர், கண்டுபிடிப்பாளராகவும் அறிவியற் பரப்புநராகவும் விளங்கியமை வரலாற்றில் உரிய இடம் பெறத்தக்கதாகும்.

காவலூரில் மறைப்பு நிகழ்வுகள்

வைணு பாப்புவின் முயற்சியால் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு அங்கு நோக்கல் தொடங்கியது. 1972இல் 102 செ.மீ. சைஸ் தொலைநோக்கி நிறுவப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட நெட்டாங்கில் வானாய்வகங்கள் மிகக் குறைவாதலின், குறித்த நேரத்தில் மட்டுமே நிகழும் வானிகழ்வுகளை நோக்குதற்குக் காவலூர் இன்றியமையாததாயிற்று.

1972 ஜூன் 7ஆம் நாள் வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் காவலூரிலும் இது நோக்கப்பட்டது. விண்மீனின் ஒளி சட்டென அறுபடாமல் படிப்படியாகக் குறைந்தமையால் கனிமீடுக்கு மென்வளிமண்டலம் உண்டு என அறிவிக்கப்பட்டது. ஆனால் 1979இல் வாயேஜர் 1 விண்கலம் அளித்த தரவு, அறிவிக்கப்பட்ட அழுத்தம் மிகையானது எனக் காட்டியது. பின்னர் ஹபிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிசன் படலத்தையே கண்டது. வளிமண்டலம் உண்டு என்ற கூற்று நிலைத்தது. அதன் அளவு நிலைக்கவில்லை.

1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. காவலூரில் 102 செ.மீ. தொலைநோக்கியால் நோக்கிய ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் எதிர்பாராத ஓர் ஒளிக்குறைவைப் பதிவு செய்தனர். யுரேனசின் புதிய துணைக்கோள் ஒன்றே அதற்குக் காரணம் எனக் கருதி அவ்வாறே ஆய்விதழில் வெளியிட்டனர். அதே நிகழ்வை எலியட், டன்ஹாம், மிங்க் ஆகியோர் கைப்பர் வான்வழி ஆய்வகத்தின் 91 செ.மீ. தொலைநோக்கியால் நோக்கினர். கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்னும் பின்னும் சமச்சீரான ஒளிக்குறைவுகள் அவர்களுக்குக் கிடைத்தன. இருபுறமும் ஒத்தமைந்த குறைவுகளைத் துணைக்கோள்களால் விளக்க இயலாது. வளையங்களால் மட்டுமே விளக்க இயலும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. வளையங்களை உறுதிசெய்த கருவி காவலூர்க் கருவியினும் சிறியது. ஆதலின் இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு கருவியின் விட்டத்தால் விளைந்ததன்று. நோக்கிய இடத்தாலும் கிடைத்த தரவின் முழுமையாலும் விளைந்ததாகும். காவலூர்ப் பதிவு பிழையானதன்று. தனித்து நின்ற ஒரு பதிவிலிருந்து பெறப்பட்ட விளக்கமே பின்னர்த் திருத்தம் பெற்றது.

குறுங்கோள் தேடல்

வேரா கண்டறியப்பட்ட பின் நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி நேர்ந்தது. 1988 பிப்ரவரி 17ஆம் நாள் காவலூரின் 45 செ.மீ. சுமித் தொலைநோக்கியைப் பயன்படுத்திய ஆர். இராஜமோகன் புதிய குறுங்கோள் ஒன்றைக் கண்டறிந்தார். அது 4130 என்னும் எண்ணுடன் கணித மேதை இராமானுஜன் பெயரைப் பெற்றது. 1986 முதலே 2.34 மீட்டர் தொலைநோக்கி காவலூரில் இயங்கிவந்தது. எனினும் அகன்ற வான்பரப்பை ஒரே படத்தில் பதியவல்ல சிறு கருவியே இத்தேடலுக்கு ஏற்றதாக அமைந்தது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தென்வானை நோக்கும் அகலாங்கும் இடைவெளியை நிரப்பும் நெட்டாங்கும் கருவியின் சிறுமையை ஈடுசெய்தன. இரண்டாவது, பயன் உடனே விளங்காத அன்றாடப் பதிவுகள், யூ ஸ்கார்ப்பியைப் போல், நூற்றாண்டு கடந்தும் சான்றாகின்றன. மூன்றாவது, சிறு கருவியின் தரவு பிற நிலையங்களின் தரவோடு ஒப்பிடப்படும்போதே முழுப்பொருள் பெறுகிறது. இந்திய வானியல் வரலாற்றை எழுதுவோர், கருவிகளின் அளவை மட்டும் கருதாமல், அவற்றின் முன் இரவுதோறும் விழித்திருந்து பதிவு செய்தோரின் பணியையும் மதிப்பிடுதல் வேண்டும்.