யானை, செலாடாங் வேட்டைக்கு எந்த ரைஃபிள்? அன்றைய தேர்வும் இன்றைய சட்டமும்

கேம் விளையாடும்போது பெரிய மிருகம் வந்தால் பெரிய துப்பாக்கியை எடுப்பீங்க. நூறு வருஷத்துக்கு முன்னால் பேராக் காட்டுக்குள் போன வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்கும் அதே கேள்விதான். ஆனால் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் உயிர் போகும். தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பின்னால் நிற்கும் தித்திவாங்சா மலைக்காட்டுக்குள் இன்று ரைஃபிளோடு போனால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

காலிபர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள் விட்டம், அதாவது ஏறக்குறைய குண்டின் பருமன். '.470' என்றால் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர். '.375' என்றால் 9.5 மில்லிமீட்டர். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் குண்டின் எடை சுமார் 32 கிராம். அது பாயும் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 650 மீட்டர். சாதாரண 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைவிட அதன் ஆற்றல் பத்து மடங்குக்கும் மேல்.

அவ்வளவு பெரியது எதற்கு?

செலாடாங் எனும் காட்டெருது ஒரு டன் வரை எடை வரும். யானை அதைவிடப் பல மடங்கு. 1894-ல் தெலுக் இந்தானில் ஒரு காட்டு யானை ரயிலையே மோதித் தடம் புரள வைத்தது. அதன் நினைவுப் பலகை அங்கே உண்டு.

இன்னொரு காரணம் காடு. அடர்ந்த மழைக்காட்டில் மிருகம் சில மீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படும். காயப்பட்ட செலாடாங் திரும்பிப் பாய்ந்தால், குறிபார்க்க நேரம் இருக்காது. அதனால்தான் பலர் இரட்டைக் குழல் ரைஃபிளை நம்பினார்கள். முதல் குண்டு தவறினாலும் இரண்டாவது உடனே தயார். ஆனால் எடை சுமார் ஐந்து கிலோ, விலையும் அதிகம், தோளில் உதைக்கும் உதையும் பலம். 1912-ல் வந்த .375 மேக்னம் போன்ற போல்ட் ரைஃபிள்களில் குண்டுகள் கூடுதலாக நிரப்பலாம். ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும்.

பெரியதுதான் சிறந்ததா?

எப்போதும் இல்லை. டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். பெரும்பாலும் வெறும் 7 மில்லிமீட்டர் ரைஃபிள்தான்! காரணம், யானையின் மூளை எங்கே இருக்கு என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். குண்டும் முக்கியம்: தடித்த தோலையும் எலும்பையும் துளைக்க, நசுங்காத முழு உறைக் குண்டு வேண்டும்.

தேர்வைச் சில நேரம் சட்டமும் மாற்றியது. 1907-ல் பிரிட்டிஷ் இந்தியா .450 காலிபருக்குத் தடை போட்டது. அந்தத் தோட்டாக்கள் கலகக்காரர்கள் கைக்குப் போகும் என்ற பயம். அந்தத் தடையைத் தாண்டத்தான் .470, .465 போன்றவை பிரபலமாயின.

வேட்டைக்காரரே மனம் மாறிய கதை

ஈப்போ ரயில் நிலையத்தை வடிவமைத்தவர் ஆர்தர் ஹப்பக். அவருடைய சகோதரர் தியோடர் ஹப்பக், 1905-ல் மலாயாவின் யானை, செலாடாங் வேட்டை பற்றிப் புத்தகமே எழுதியவர். பிறகு அவரே வனவிலங்குப் பாதுகாப்புக்காகப் போராடினார். 1930களின் இறுதியில் உருவான பூங்காதான் இன்றைய தாமான் நெகாரா. அதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது.

இன்று நீங்கள் வேட்டைக்குப் போகலாமா?

யானை, செலாடாங், புலி மூன்றும் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை. எந்த ரைஃபிள் என்ற கேள்விக்கே இடமில்லை. 2022-ல் திருத்திய பிறகு, கடும் குற்றங்களுக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

துப்பாக்கி தனி விவகாரம். சட்டவிரோதமாக வைத்திருந்தால், 1971 சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. யாரோ செய்து கொடுத்த நாட்டுத் துப்பாக்கியை 'சும்மா பார்க்கத்தான் வாங்கினேன்' என்று சொல்லித் தப்ப முடியாது.

தோட்டத்துக்குள் பன்றி வந்தால்?

பெரிய காலிபர் ரைஃபிள் தேவையில்லை. காட்டுப்பன்றிக்கு வழக்கமாகப் பயன்படுவது ஷாட்கன். ஆனால் இரண்டு அனுமதி வேண்டும்: துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம், வேட்டைக்கு பெர்ஹிலித்தான் உரிமம். ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்காதீங்க.

யானையோ புலியோ வந்தால் நெருங்காதீங்க, பட்டாசு கொளுத்தி விரட்டாதீங்க, போன் எடுத்துப் படம் பிடிக்கவும் நிற்காதீங்க. தள்ளிப் போய் பெர்ஹிலித்தானுக்கோ 999-க்கோ தகவல் சொல்லுங்க. யானைகளைப் பிடித்து வேறு காட்டுக்கு மாற்ற 1974 முதல் அந்தத் துறையில் தனிப் பிரிவே இருக்கிறது. யானையை நோக்கி அவர்கள் நீட்டும் துப்பாக்கியில் இருப்பது மயக்க ஊசி.