பகடையிலிருந்து பொத்தான் வரை: ஒரு மிடி பிளகினின் முகப்பை வாசித்தல்

தானாக இசை உருவாக்கும் மிடி பிளகின் ஒன்றை முதன்முதலாகத் திறக்கிற ஆக்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒண்டுதான்: "ஏன் சத்தம் வரேல்லை?" திரை நிறையக் குமிழ்களும் கட்டங்களும் இருக்கும். பிளே அமத்தினால் வெளிச்சங்கள் ஓடும். ஆனால் ஒரு சத்தமும் வராது. காரணம் லேசானது: அந்தப் பிளகின் கட்டளை மட்டும்தான் எழுதும். அதை ஒரு வாத்தியம் இருக்கிற ட்ராக்குக்கு அனுப்பினால்தான் காதுக்கு எட்டும். ஏன் இப்பிடி அமைச்சிருக்கினம் எண்டு விளங்க, கொஞ்சம் வரலாற்றுக்குள்ளே போகவேணும்.

1757இல், பாக்கின் மாணவரான கிர்ன்பெர்கர் ஜேர்மனியில் ஒரு நூலை வெளியிட்டார். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குரிய இசைத்துண்டை அட்டவணையில் தேடி எழுதிக்கொண்டே போனால், இசை படிக்காதவருக்கும் ஒரு மினுவெட் கிடைக்கும். 1790களில் மொசார்ட்டின் பெயரில் அச்சான பகடை விளையாட்டு இன்னும் பிரபலமானது. அது அவருடையதுதான் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. 16 பார், ஒவ்வொன்றுக்கும் 11 தெரிவுகள், மொத்தம் 176 துண்டுகள். உருட்டுகிறவர் தான்தான் இசையமைக்கிறேன் எண்டு நினைக்கலாம். ஆனால் எந்தத் துண்டோடு எது சேர்ந்தாலும் உறுத்தாத மாதிரி அட்டவணையை எழுதினவர் முக்கால்வாசி வேலையை ஏற்கெனவே முடிச்சிட்டார். இந்த வகை இசையின் முதல் முகப்பு அந்த அட்டவணைதான் எண்டு சொல்லலாம்.

கிர்ன்பெர்கருக்குச் சரியாக 200 வருடம் கழித்து, 1957இல், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 'இலியாக் சூட்' முழுமையானது. லெஜாரன் ஹில்லர், லெனார்ட் ஐசாக்சன் இருவரும் இலியாக் எனும் கணினியைக் கொண்டு செய்த படைப்பு இது. ஹில்லர் வேதியியல் படித்தவர். எழுந்தமானமாக எண்களை உருவாக்கி, விதிக்குப் பொருந்தாததைக் கழித்துவிடும் முறையைத் தன் ஆய்வுகூடத்திலிருந்தே இசைக்குக் கொண்டுவந்தார். கணினி ஒரு சத்தமும் எழுப்பவில்லை. அது அச்சடித்ததை மனிதர்கள் இசைக்குறியீடாக மாற்றி எழுத, நான்கு தந்தி வாத்தியக்காரர் வாசித்தார்கள். கட்டளை வேறு, ஒலி வேறு என்ற பிரிவு அப்பவே வந்துவிட்டது.

அந்தப் பிரிவுக்குப் பொது மொழி தந்தது மிடி. 1983 ஜனவரியில் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் புரொஃபெற் 600 கீபோர்டையும், யப்பானிய ரோலண்டின் ஜுபிடர் 6ஐயும் ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்ப தொடங்குது, எப்ப நிக்குது என்பதெல்லாம் எண்ணாகப் போகும். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை இலக்கம்; நடு ஸி 60.

சில வருடங்களில், ஜோயல் சடாபேயின் நிறுவனம் மெக்கின்டோஷுக்காக 'எம்' என்ற மென்பொருளை வெளியிட்டது. டேவிட் சிக்கரெல்லி அதன் முக்கிய நிரலாளர். நீங்கள் சில சுரங்களைக் கொடுத்தால், அவற்றை அதே வரிசையில் வாசிக்கவா, கலைத்து வாசிக்கவா, எவ்வளவு நெருக்கமாக வாசிக்க எண்டு ஒரே திரையில் மாற்றலாம். ஒரு கட்டத்துக்குள் மவுஸை அசைத்து, இசைக்குழுவை நடத்துவது போல எல்லாவற்றையும் சேர்த்தே திருப்பலாம். இண்டைய பிளகின்களில் காண்கிற பல குமிழ்களின் பாட்டன் இதுதான்.

1996இல் பிரையன் ஈனோ, 'கோன்' மென்பொருளில் செய்த படைப்பை ஃபுளொப்பி டிஸ்க்கில் வெளியிட்டார். அதே வருடம் ஸ்டைன்பேர்க் நிறுவனம் விஎஸ்டி முறையை அறிமுகப்படுத்தியது. 1999இல் அதன் இரண்டாம் பதிப்போடு பிளகின்கள் மிடியையும் பெறத் தொடங்கின. 2019இல் கூகிளின் மெஜன்டா குழு, ஏபிள்டன் லைவுக்கு ஐந்து கருவிகள் தந்தது. அதில் 'டெம்பரேச்சர்' எண்டொரு நகர்த்தி இருக்கு. கூட்டினால் எதிர்பாராத சுரங்கள், குறைத்தால் பழகின சுரங்கள். வெப்பநிலை என்ற அந்தச் சொல் இயற்பியலில் இருந்து வந்தது. ஹில்லர் இருந்திருந்தால் உடனே விளங்கியிருக்கும்.

இவ்வளவும் தெரிந்தால், எந்தப் புதுப் பிளகினைத் திறந்தாலும் நாலு கேள்வி போதும். மூலச் சுரங்கள் எங்கே இருந்து வருது? பகடை எது, அதாவது தற்செயலைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் எது? சல்லடை எது, அதாவது ஸ்கேல், தாளம் மாதிரி எல்லை போடுகிற இடம் எது? கடைசியாக, மிடி எங்கே போகுது? இந்த நாலையும் கண்டுபிடிச்சால் மிச்சம் பெரும்பாலும் அலங்காரம்.

ஆனால் நான் ஐந்தாவதாக ஒரு கேள்வியும் கேட்கச் சொல்லுவேன்: முகப்பில் எது இல்லை? மாயாமாளவகௌளையை எடுங்கோ. சல்லடையில் 60, 61, 64, 65, 67, 68, 71 எண்டு ஏழு இலக்கத்தைப் போட்டால் அதன் சுரத்தானங்கள் ஓரளவு வந்துவிடும். ஆனால் ஒரு நாதஸ்வரக்காரர் ரிஷபத்தை அசைத்துப் பிடிக்கிற அந்தக் கமகம், 60க்கும் 61க்கும் இடையில் உயிர் வாழ்கிற விஷயம். மிடியில் சுருதியை வளைக்கிற கட்டளை ஆரம்பத்திலிருந்தே உண்டு. 2020இல் வந்த மிடி 2.0இல் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகவும் வளைக்கலாம். மொழியில் இடம் இருக்கு. இருந்தும் இந்தப் பிளகின்களில் பெரும்பாலானவை இலக்கங்களை மட்டும்தான் உருட்டுகின்றன, ஏனென்றால் அவற்றின் அட்டவணையை எழுதினவர்கள் பியானோவைப் பார்த்து எழுதினார்கள்.

அதில் சதி ஒண்டும் இல்லை. கிர்ன்பெர்கரும் தனக்குத் தெரிந்த மினுவெட்டைத்தான் எழுதினார். ஆனால் தானாக வருகிற இசை யாருக்கும் சொந்தமில்லாத, நடுநிலையான ஒன்று எண்டு நாங்கள் நம்பிவிட்டால், எங்கட காதுக்கான அட்டவணையை எழுத வேணும் என்ற எண்ணமே வராது. பகடையை ஆர் வேணுமெண்டாலும் உருட்டலாம். அட்டவணையை எழுதத்தான் ஆள் வேணும்.