நந்தினியும் நீலாம்பரியும்

அரசிளங்குமரன் ஒருவன் வஞ்சத்தால் மாண்டான் எனில், அவ்வஞ்சத்தின் பின்னே ஒரு பெண்ணை நிறுத்துவது கதை சொல்வோர் வழக்கம். தமிழ்த் திரை கொண்டாடிய நந்தினியும் நீலாம்பரியும் இவ்வழக்கத்தில் தோன்றியவர்களே. அவர்தம் பிறப்பு வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் பத்தாம் நூற்றாண்டிற் கொல்லப்பட்டான். கொன்றவர் யாவர்? முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினதான உடையார்குடிக் கல்வெட்டு விடை பகர்கின்றது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போரை அது துரோகிகள் என்கின்றது. அவர்தம் உறவினரின் நிலங்கள் பறிமுதலானதையும் குறிக்கின்றது. இரவிதாசனும் பரமேசுவரனும் பிரமாதிராசன் என்னும் அரச பட்டம் பூண்டவர்கள். கொலையை ஏவிய பெண்ணொருத்தியைப் பற்றி அக்கல்லில் ஓர் எழுத்தும் இல்லை.

அவளைப் படைத்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை அவரது இதழில் தொடர்கதையாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில், கல்வெட்டுச் சதிகாரர் நடுவே நந்தினி வந்து அமர்ந்தாள். மணியத்தின் ஓவியம் அவளுக்கு முகம் தந்தது. ஆயினும் கல்கி அவள் சினத்திற்குக் காரணமும் வைத்தார். காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக அவள் மன்றாடினாள். கரிகாலன் செவிசாய்க்காது அவன் தலையைக் கொய்தான். அவள் பழி அங்கே பிறந்தது.

1999இல் கே. எஸ். இரவிக்குமார் இயக்கிய ‘படையப்பா’வில் இரம்யா கிருஷ்ணன் நீலாம்பரியாக நடித்தார். நந்தினியே நீலாம்பரிக்கு மூலம் என்று இரசினிகாந்த் பின்னாளில் வெளிப்படக் கூறினார். நந்தினியின் அழகும் செருக்கும் ஆறாச் சினமும் அப்படியே வந்தன. காரணம் மட்டும் வரவில்லை. வீரபாண்டியனின் இரத்தம் இருந்த இடத்தில், விரும்பியவன் மறுத்தான் என்னும் ஆணவக் குறை வந்தது. அவளுக்கு எதிரே அடக்கமே உருவான வேலைக்காரப் பெண்ணை நிறுத்தி, ‘இவளைப் போல் இரு’ என்று மகளிர்க்குப் பாடமும் புகட்டினர்.

பின்னர் மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாகக் கல்கியின் கதையைப் படமாக்கினார். நந்தினியாக ஐஸ்வர்யா ராய் தோன்றினார். இரண்டாம் பாகம் அவளுடைய இளமைக் காதலிலேயே தொடங்குகின்றது. இழந்த காரணத்தை அவளுக்கு மீட்டுத் தந்த நற்செயல் இது.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. பழையனூர் நீலியைக் கருதுக. கணவனாற் கொலையுண்டு, பேயாகி வந்து பழி தீர்த்தவள் அவள். கொன்றவனைக் குறித்து நம் மொழியில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. பொய்யழுகைக்கு மட்டும் ‘நீலிக் கண்ணீர்’ என்று பெயர் நிலைத்துவிட்டது!

ஈப்போ நகரிலும், தோட்டங்களை விட்டு வந்தோர் குடியிருப்புகளிலும், எதிர்த்துப் பேசும் மகளை ‘நீலாம்பரி’ என்று ஏசுவோர் நம்மிடையே உளர். அச்சொல்லை வீசுமுன் ஒன்று செய்க: அவள் சினத்தின் காரணத்தை அவளிடமே கேளுங்கள். கல்வெட்டிற் பெயர் பொறிக்கப்பட்ட மூவரை மறந்து, கதையில் வந்த ஒருத்தியைப் பழித்த சமூகம், தன் வீட்டுப் பெண்ணுக்கேனும் நீதி வழங்குதல் வேண்டும்.