கைத்தையல் படத்துக்கு ஃப்ரேம் போடப் போறீங்களா? கடையில் இதையெல்லாம் கேளுங்க!

அம்மா கல்யாணத்துக்கு முன்பு மேட்டி துணியில் போட்ட கிளி, பாட்டி உல்லன் நூலில் தைத்த கிருஷ்ணர், நீங்களே ஆறு மாதம் உட்கார்ந்து முடித்த கிராஸ் ஸ்டிட்ச் ரோஜா... இப்படி ஒன்றாவது பல வீடுகளில் இருக்கும். ‘பீரோவுல சும்மாதானே கிடக்கு, ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டலாம்’ என்று பக்கத்துக் கடையில் கொடுக்கிறோம். இரண்டே நாளில் பளபளவென்று வந்துவிடும். அதன் லட்சணம் தெரிய நாலைந்து வருஷம் ஆகும். ஓரத்தில் பழுப்புக் கோடு, நடுவில் மஞ்சள் திட்டு, கண்ணாடியில் ஒட்டிய பூஞ்சை... அப்போது கடைக்காரரிடம் போய் என்ன கேட்பது?

ஒரு சின்னக் கணக்கு. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில், 10-க்கு 8 அங்குலப் படத்தை முழுக்க நிரப்பினால் 15,680 தையல்கள். ஒவ்வொன்றுக்கும் ஊசி நான்கு முறை துணியைக் கடக்க வேண்டும். மொத்தம் 62,720 முறை! அத்தனை உழைப்பையும் ஒரு டப்பா பசை பாழாக்கிவிடலாம். அதனால் ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள். ஃப்ரேம் போடும்போது எதைச் செய்தாலும், நாளைக்கு அதைச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடிய வேண்டும்.

பசை ஏன் கூடாது?

போட்டோவை அட்டையில் ஒட்டிப் பழகிய கை, துணியையும் ஒட்டத்தான் பார்க்கும். ஆனால் துணி ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். பசை அதற்கு இடம் கொடுக்காது என்பதால் சுருக்கமும் கொப்புளமும் வருகின்றன. நாளாக ஆக பசை மஞ்சளாகி, இழைகளுக்குள் இறங்கிவிடும். டபுள் சைடு டேப், ஸ்ப்ரே பசை, ஒட்டும் போர்டு எல்லாமே இதே ரகம்தான்.

நீலகிரி தோடர்களின் பூத்தையலை வாங்கி வந்து ஃப்ரேம் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாட்டில், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும். அதன் பின்பக்கமும் பார்க்க அழகு. ஒட்டிவிட்டால் பாதி வேலைப்பாடு போச்சு!

கடைக்குப் போகும் முன்

* புதிதாகத் தைத்த பருத்தி நூல் வேலை என்றால் துவைத்துவிட்டுக் கொடுங்கள். கைப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இப்போது தெரியாது, பிறகு பழுப்பாகத் தெரியும். முதலில் ஈரமான வெள்ளைப் பஞ்சால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஏறினால் துவைக்க வேண்டாம். ஏறாவிட்டால், மென்மையான சோப்பு கலந்த குளிர்ந்த நீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது.
* பேனாவில் போட்ட டிசைன் கோடுகள் முழுதாகப் போன பிறகே இஸ்திரி. சில மார்க்கர் கோடுகள் சூடு பட்டால் நிரந்தரமாகிவிடும். தடிமனான டவலின் மேல் துணியைக் குப்புறப் போட்டுத் தேய்த்தால் தையல் நசுங்காது.
* ஜரிகை, பட்டு, உல்லன், மணி வேலை, பாட்டி காலத்துப் பழைய துணி... இவற்றில் தண்ணீரே படக் கூடாது.
* நான்கு பக்கமும் 3 அங்குலம் துணி மிச்சம் இருக்கட்டும். ‘ஓரத்தை வெட்டாதீங்க’ என்று சொல்லியே கொடுங்கள்.
* கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன கேட்பது?

“அண்ணா, ஒட்டாம நூல் போட்டு இழுத்துக் கட்டித் தர முடியுமா?” - முதல் கேள்வி இதுதான். முறையான வழி இது: துணியைப் பலகையின் மேல் விரித்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி, அங்கிருந்து மூலையை நோக்கி இழை பார்த்து நேராக்க வேண்டும். பிறகு பின்பக்கம் மடித்த ஓரங்களை, கயிற்றுக் கட்டில் பின்னுவதுபோல வலுவான நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைக்க வேண்டும். “இதெல்லாம் நமக்கு டைம் ஆகும்க்கா” என்று அவர் சொன்னால் சண்டை வேண்டாம். இந்த வேலையை மட்டும் வீட்டில் நீங்களே செய்து, ஃப்ரேமும் கண்ணாடியும் அவரிடம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, அட்டை. சாதாரண அட்டை, ஹார்டுபோர்டு, பிளைவுட் ஆகியவற்றிலிருந்து வெளிவரும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். துணியைத் தொடும் போர்டும், படத்தைச் சுற்றி வரும் மவுன்ட் போர்டும் ‘ஆசிட் ஃப்ரீ’யாக இருக்கட்டும். பின்பக்கம் முடிச்சுகள் இருந்தால், துணிக்கும் போர்டுக்கும் நடுவே வெளுத்த, சாயமில்லாத மெல்லிய ஃபிளானல் துணி வைத்தால் மேடு தெரியாது.

மூன்றாவது, இடைவெளி. கண்ணாடி துணியைத் தொடவே கூடாது. உள்ளே ஈரம் கோத்தால் பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். மவுன்ட் போர்டோ, ஓரத்தில் மறைவாக வைக்கும் பட்டையோ போட்டு 3 மி.மீ இடைவெளியாவது விடச் சொல்லுங்கள். மணி வேலைக்கு இன்னும் அதிகம் தேவை.

‘ஒட்டக் கூடாது, வெட்டக் கூடாது’ என்று பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

வாங்கும்போது சரிபாருங்கள்

பணம் கொடுக்கும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துணியின் இழை ஃப்ரேமின் ஓரத்துக்கு நேராக ஓடுகிறதா? மூலையில் சுருக்கம், நடுவில் தொய்வு இருக்கிறதா? கண்ணாடிக்கு உள்ளே முடி, தூசி? பசை வாசனை? ஃப்ரேமின் மூலைகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கின்றனவா? பின்பக்கம் முழுவதும் காகிதம் ஒட்டி மூடியிருக்கிறதா? திறந்து கிடந்தால் ராமபாணப் பூச்சிக்கு அது ராஜபாட்டை.

ஏற்கெனவே தப்பாகப் போட்டிருந்தால்?

பல தவறுகளைத் திருத்த முடியும். ஃப்ரேமை டவல் மேல் குப்புற வைத்து, பின்பக்கக் காகிதத்தை அறுத்து, ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுங்கள். துணி கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். இழுத்தால் நூல் கண்ணாடியோடு போய்விடும்.

கோணல், தொய்வு: ஸ்டேப்ளர் பின்னோ நூலோ போட்டிருந்தால் பிரித்து, மேலே சொன்னபடி மறுபடியும் கட்டலாம். பின்னை நெம்பித் தூக்கி எடுங்கள், இழுக்க வேண்டாம்.

ஓரத்தை வெட்டிவிட்டார்கள்: துவைத்துச் சுருங்கவைத்த பருத்திப் பட்டைகளை நான்கு ஓரமும் சேர்த்துத் தைத்தால், இழுத்துக் கட்டத் தேவையான அகலம் கிடைத்துவிடும். மவுன்ட் போர்டுக்குள் அது மறைந்துவிடும்.

பூஞ்சை: மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகே மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடலாம். பழைய அட்டையை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

பழுப்பு, துருக் கறை: பிளீச் ஊற்றாதீர்கள். கறையோடு நூலும் இற்றுப்போகும்.

பசை: ‘தண்ணியில ஊறவெச்சா வந்துடும்’ என்பார்கள். காய்ந்த பசை முழுதாக வராது, சாயம்தான் வரும். ஓரத்தில் மட்டும் டேப் இருந்தால், ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் இளக்கி மெதுவாக உரிக்கலாம். முழுக்க ஒட்டிய பழைய வேலைப்பாடு என்றால் நீங்கள் தொடாதீர்கள். பழைய துணிகளைப் பாதுகாப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இன்டாக் அமைப்பு நாட்டின் பல நகரங்களில் கலைப்பொருள் பாதுகாப்பு மையங்களை நடத்துகிறது. அங்கே விசாரிக்கலாம்.

எங்கே மாட்டுவது?

அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சமே போதும் என்று வைத்திருப்பார்கள். யூ.வி கண்ணாடி போட்டாலும் நிறம் மங்குவது தாமதமாகுமே தவிர, நிற்காது. அதனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர், சமையலறை, விளக்குப் புகை படும் பூஜை அறை இவையும் வேண்டாம். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

கடைசியாக ஒன்று. தைத்தவர் பெயர், ஊர், வருஷம் இதையெல்லாம் ஒரு தாளில் பென்சிலால் எழுதி, உறையில் போட்டு ஃப்ரேமின் பின்பக்கம் வெளியே ஒட்டிவையுங்கள். பாட்டியிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அந்தக் கிளியை அவர் எந்த வயதில் தைத்தார் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.