சிறுதேரும் சிறுபடையும்



சென்ற கோடை விடுமுறையில், நெரவியிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு போர் நடந்தது. பச்சைத் துணி வயலாயிற்று. நீல நாடா அரசலாறாயிற்று. உள்ளங்கையில் அடங்கும் டாங்கி வண்டிகளை நிறுத்தி, பகடை உருட்டி, என் பேரன் தன் தோழனோடு பொருதுகொண்டிருந்தான். "தாத்தா, பாலத்தை மிதித்துவிடாதீர்கள்!" என்று என்னையும் எச்சரித்தான். தெருவழியே சென்ற முதியவர் ஒருவர், "பிள்ளைகளுக்குப் போர் விளையாட்டு ஆகுமா, ஐயா?" என்று வினவினார். அவருக்கு விடை கூற வரலாற்றைப் புரட்டினேன். கண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

போருக்குரிய ஊர்தியைச் சிறிதாக்கி விளையாடுவது புதுவழக்கமன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையில் தேரே அன்றைய போர் வண்டி. தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதைக் கையால் இழுத்தே சிறுவர் மகிழ்வதைக் குறுந்தொகையின் 61-ஆம் பாடல் உவமையாகக் காட்டுகிறது. நமக்கு வடக்கே, தரங்கம்பாடிக்கு அப்பாலுள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் சிறுவர் உருட்டிய மூன்றுருளைச் சிறுதேரைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேரே.

இதே நால்வகைப் படையைப் பலகைமேல் ஏற்றியதுதான் சதுரங்கம். இந்தியாவில் தோன்றிய இவ்வாட்டம் பாரசீகம் வழியாக மேனாடு சென்றது. ஆயின் சதுரங்கத்தில் மலையில்லை, ஆறில்லை, எதிர்பாராத விபத்துமில்லை. இக்குறையைப் போக்க முயன்றவர் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ். 1812-இல் அவர் நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் ஆட்டமேசை ஒன்றைத் தம் மன்னருக்கு அளித்தார். அவருடைய மைந்தர் 1824-இல் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். தாக்குதலின் பயனைப் பகடை உறுதி செய்யும். ஐயம் எழுந்தால் நடுவர் தீர்ப்பார். படை அதிகாரிகளுக்கு இது பாடமாயிற்று.

பாடமாக இருந்ததை வீட்டு விளையாட்டாக்கியவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் உள்ளீடற்ற ஈயப் பொம்மை வீரர்களை மலிவாக வார்க்கும் முறையைக் கண்டிருந்தார். அத்தகைய பொம்மைகளைத் தரையில் நிறுத்தி ஆடும் விதிகளை வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக எழுதினார். சிறுபோரை ஆடிப் பார்த்தவன் பெரும்போர் எத்துணைப் பேதைமை என்பதை உணர்வான் என்பது அவர் கருத்து. உலகம் கேட்கவில்லை, மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சோம் போர்க்களத்தில் டாங்கி முதன்முதலாகத் தோன்றிற்று. அந்த இரும்புக் கூட்டினுள் வெப்பத்திலும் புகையிலும் எண்மர் அடைபட்டிருந்தனர்.

இன்று அவ்வண்டிகளின் சிற்றுருவங்கள் பிளாஸ்டிக் உதிரிகளாக வருகின்றன. நம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதன்முதலாக வெளிவந்த விஜயந்தா போன்ற, ஏறக்குறைய 8 மீட்டர் நீளமுள்ள டாங்கி, 76-இல் ஒரு பங்கு அளவில் பத்தரைச் சென்டிமீட்டராகச் சுருங்கும். வண்ணம் தீட்டுவதும் ஒரு கல்வி. முதலில் பிசிறு நீக்கிக் கழுவ வேண்டும். கொலுப் பொம்மைக்கு வெள்ளை பூசுவதுபோல் அடிப்பூச்சு இட வேண்டும். பின்னர் மெல்லிய பூச்சாக நிறம் ஏற்றி, பள்ளங்களில் கருமையும் விளிம்புகளில் வெளிர்மையும் காட்டி, சக்கரங்களில் புழுதி நிறம் தோய்க்க வேண்டும். பாலைவனத்து வண்டிக்கு மணல் நிறம் ஏன் என்று கேட்பவன் புவியியலைக் கற்கிறான். வண்டியினுள் எத்தனை பேர் இருந்தனர் என்று கேட்பவன் வரலாற்றைக் கற்கிறான்.

அந்த இரண்டாம் கேள்வியைத்தான் பேரனிடம் கேட்டேன். "விஜயந்தாவில் நால்வர், தாத்தா" என்றான். "பகடை விழுந்து வண்டி அழிந்தால் அந்நால்வர்?" என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை.

முதல் உலகப்போரின்போது நம் காரைக்கால் பிரெஞ்சிந்தியாவின் ஒரு பகுதி. பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் வீரர்கள் அப்போருக்குச் சென்றனர். மாண்டவர் நினைவாகப் புதுச்சேரிக் கடற்கரையில் எழுப்பிய நினைவுச்சின்னம் 1938-இல் திறக்கப்பெற்றது. விடுமுறையில் பேரனை அங்கே அழைத்துச் சென்றேன். திண்ணைப் போரில் வீழ்ந்த வண்டிகள் மாலையில் பெட்டிக்குத் திரும்பிவிடும். மறுநாள் மீண்டும் ஆடலாம். நினைவுச்சின்னத்தில் போற்றப்படுவோர் திரும்பியதில்லை.

ஆகவே அம்முதியவருக்கு நான் கூறிய விடை இதுதான்: "ஆடட்டும், ஐயா. ஆனால் வண்டியைத் தீட்டும்போது, உள்ளே இருந்தவரையும் அவன் எண்ணிப் பார்க்கட்டும்."