காய்ச்சல் என்னும் கட்டம்: இரண்டு நிமோனியாக்களின் வரலாறு

1

'வெறும் ஃபுளுதானே, ரெண்டு நாள்ல போயிடும்.' 2020இன் முதல் மாதங்களில் இந்தப் பேச்சு உலகம் முழுக்கச் சுற்றி வந்தது. பிரேசில் அதிபர் பொல்சனாரோ அதைச் சின்னக் காய்ச்சல் என்று தள்ளினார். இங்கே சூப்பர்வைசர் சொன்னார், மேஸ்திரி சொன்னார். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குரல்: இது புத்தம்புதுசு, இதற்கு முன்கதையே கிடையாது. முதல் பேச்சு நோயைச் சாதாரணமாக்கியது. இரண்டாவது பேச்சு அதை வரலாற்றுக்கு வெளியே தூக்கி வைத்தது. இரண்டிலும் தப்பித்துக்கொண்டது ஒரு கேள்வி: ஃபுளு நிமோனியாவும் கொரோனா நிமோனியாவும் எங்கே, எப்படி வேறுபட்டன? அந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறியதற்கு யார் விலை கொடுத்தார்கள்?

இதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது. ஒரு நோயை வேறொரு நோயின் சாயலில் பார்த்தால், வாசலில் யாரை நிறுத்துவது, யாரை உள்ளே விடுவது, எந்த மருந்து கொடுப்பது, செத்தால் எந்தக் கட்டத்தில் எழுதுவது எல்லாம் மாறிவிடுகிறது. சென்னையின் மேற்கு விளிம்பில், பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவே பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிற நசரத்பேட்டைப் பக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பேசலாம். அதற்கு முதலில் நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

2

1918 ஜூன் வாக்கில் பம்பாயில் இறங்கிய இன்ஃபுளுயன்சா, செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் அலையாகத் திரும்பி வந்தது. இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை என்று வெவ்வேறு மதிப்பீடுகள் உண்டு. பம்பாய், மத்திய மாகாணங்களோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் சாவு விகிதம் குறைவுதான். ஆனாலும் நமக்கு முக்கியம் எண்ணிக்கை மட்டுமல்ல, எண்ணிய முறையும். கிராம அதிகாரி எழுதும் சாவுப் பதிவில் காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுவாச நோய் என்று சில கட்டங்கள்தான் இருந்தன. இன்ஃபுளுயன்சாவுக்குத் தனிக் கட்டம் இல்லை. நுரையீரல் நிறைந்து செத்தவர்களில் பெரும்பாலோர் 'காய்ச்சல்' என்ற கட்டத்துக்குள் போனார்கள். நிமோனியா காணாமல் போய்க் காய்ச்சல் மிஞ்சியது.

கட்டம் இல்லாத இடத்தில் சாதி மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. பம்பாய் நகரின் 1918 கணக்கில் ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் சாவு 8.3. மற்ற இந்துக்கள் 18.9. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று காலனிய அரசு பெயரிட்ட மக்கள் 61.6. கிருமி சாதி பார்க்கவில்லை. இருட்டறை வீடும் அரைவயிறும் ஓய்வில்லாத வேலையும் சாதியின் வழியே பங்கிடப்பட்டிருந்தன. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள்.

அப்போது கிருமியே எதுவென்று தெரியாது. 1892இல் ஃபைஃபர் கண்ட பாக்டீரியாதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். மனித இன்ஃபுளுயன்சா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது 1933இல். பாதுகாத்து வைத்திருந்த 1918ஆம் ஆண்டு நுரையீரல் திசுக்களை மறுபடி ஆராய்ந்து மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபௌசி ஆகியோர் 2008இல் எழுதினார்கள்: பெரும்பாலான சாவுகள், வைரஸ் திறந்துவிட்ட வழியில் பாக்டீரியா நுழைந்து உண்டாக்கிய நிமோனியாவால் வந்தவை. ஆண்டிபயாடிக் இல்லாத காலம் அது.

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த ராஜுலா கப்பலோடு ஆசிய ஃபுளு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. சில மாதங்களில் இந்தியாவில் பதிவானவர்கள் ஏறத்தாழ 44 லட்சம். பதிவான சாவு ஆயிரத்துச் சொச்சம். 2009இல் எச்1என்1 வந்தது. ஆகஸ்டில் சென்னையில் அதற்கு முதலில் பலியானது நாலு வயதுப் பையன். இப்படித்தான் 'பெருந்தொற்று' என்றாலே ஃபுளு என்ற பொதுப்புத்தி உருவானது. அரசாங்கங்களின் பெருந்தொற்றுத் திட்டங்கள் பெரும்பாலும் ஃபுளுவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 2003இல் சார்ஸ் வந்தபோது விமான நிலையங்களில் வெப்பம் பார்க்கும் கருவிகள் நின்றன. சார்ஸ் கொரோனா குடும்பம்தான். ஆனால் அநேகமாக எல்லோருக்கும் காய்ச்சல் வரும், நோய் முற்றிய பிறகுதான் அதிகம் பரவும். ஆகவே அங்கே கருவி ஓரளவு பொருந்தியது. ஃபுளுவும் சார்ஸும் சேர்ந்து ஒரு பாடத்தை எழுதி வைத்தன: காய்ச்சலைப் பிடி, நோயைப் பிடித்துவிடலாம்.

3

2020இன் நோய் இந்தப் பாடத்துக்கு அடங்கவில்லை. எங்கெங்கே என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேறுபாடு கடிகாரத்தில். ஃபுளு கிருமி உள்ளே போன ஒன்று முதல் நாலு நாளில் வெளியே தெரிந்துவிடும். வருவதும் அடித்துப்போடுகிற மாதிரி வரும். காலையில் வேலைக்குப் போன ஆள் சாயங்காலம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். உடம்பு முறிக்கிற வலி, நடுக்கம், அனல். அது நிமோனியா ஆவதற்கு இரண்டு வழி. ஒன்று, வைரஸே நுரையீரலுக்குள் இறங்கி இரண்டு மூன்று நாளில் உதடு நீலம் பாரிப்பது. மற்றது, காய்ச்சல் விட்டு ஆள் எழுந்து உட்கார்ந்த பிறகு மறுபடி காய்ச்சலும் பழுத்த சளியும் வருவது. இது பாக்டீரியா.

கொரோனா நிதானமாக நடந்தது. வெளியே தெரியச் சராசரியாக ஐந்து நாள், சிலருக்குப் பதினாலு நாள் வரை. அசதி, வறட்டு இருமல், பலருக்கு மூக்கு அடைக்காமலே வாசனையும் ருசியும் போவது. முதல் வாரம் இப்படியே ஓடும். ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவே, தேறிவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில், நுரையீரல் இறங்கும். சீனாவில் 1,099 நோயாளிகளை வைத்து 2020 பிப்ரவரியில் வெளியான ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்கிற நேரத்தில் காய்ச்சல் இருந்தவர்கள் நூற்றுக்கு 44 பேர்தான். மற்றவர்களில் பலருக்குப் பிறகு வந்தது. அதாவது ஆஸ்பத்திரிப் படுக்கை தேவைப்பட்டவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் அந்த நேரத்தில் வெப்பமானி முன்னால் நின்றிருந்தால் 'நார்மல்'.

இரண்டாவது, மூச்சில். மூச்சுத் திணறும் உணர்வை மூளைக்கு முக்கியமாகத் தருவது ரத்தத்தில் தேங்கும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவது அவ்வளவாக அல்ல. கொரோனாவின் ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு நுரையீரல் விரிந்து சுருங்குவது கெடவில்லை. கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆகவே ஆக்சிஜன் அபாயமாக இறங்கிய ஆள் 'ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். ஃபுளு நிமோனியாவில் ஆள் படுத்துவிடுவார், வீட்டில் இருப்பவர்களுக்கு உறைக்கும். இங்கே உடம்பு தன் ஆபத்தைத் தானே சொல்லவில்லை.

மூன்றாவது, ரத்தத்தில். நவீன மருத்துவப் பார்வை, பிணத்தைத் திறந்து பார்ப்பதிலிருந்து பிறந்த கதையை ஃபூக்கோ 1963இல் 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் விரித்தார். இங்கும் அதுதான் நடந்தது. கொரோனாவில் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும் 2009 ஃபுளுவில் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில், காற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய்களில் ரத்தம் உறைந்திருந்தது கொரோனாவில் ஒன்பது மடங்கு அதிகம். பதினாலு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் வார்டில் கண்ட கால் ரத்தக்கட்டிகளும் மாரடைப்புகளும் அதோடு பொருந்தின. ரத்த உறைவைத் தடுக்கும் ஊசி சிகிச்சையில் சேர்ந்தது. சி.டி. ஸ்கேனிலும் சாயல் வேறு: கொரோனாவில் இரண்டு நுரையீரலிலும் ஓரங்களில் மங்கிய கண்ணாடி போன்ற திட்டுகள், ஃபுளுவில் மூச்சுக்குழல்களை ஒட்டிய திட்டுகளும் கெட்டிப்பும் கூடுதல்.

நான்காவது, மருந்தில். ஒசெல்டாமிவிர் ஃபுளுவுக்கு, அதுவும் சீக்கிரம் கொடுத்தால். கொரோனாவுக்கு அது உதவவில்லை. ஸ்டீராய்டு எதிர்ப்பக்கம். ஃபுளு நிமோனியாவில் ஸ்டீராய்டு கொடுத்தவர்களிடம் சாவு கூடுதலாகக் காணப்பட்டிருந்ததால் டாக்டர்கள் தயங்கினார்கள். 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, மலிவான டெக்சாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. 2021 கோடையில் முதல் நாளிலிருந்தே ஸ்டீராய்டு எழுதிய இடங்களும் உண்டு. சர்க்கரை நோயாளிகளைக் கறுப்புப் பூஞ்சை வந்து தின்றதில் அதற்கும் பங்கிருந்தது.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. எதிரே இருக்கிற ஒரு ஆளுக்கு எது என்பதை அறிகுறியை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. அதற்குப் பரிசோதனைதான் வழி.

4

இப்போது நசரத்பேட்டைப் பக்கம். 2020 மார்ச்சில் வெளிநாட்டுப் பயணிகளைத் தனிமையில் வைத்த இடங்களில் ஒன்று பூந்தமல்லிப் பொதுச் சுகாதார நிலையம். விமான நிலையத்தில் நெற்றியைப் பார்த்தார்கள். மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களும் லாரி ஓட்டியவர்களும் ஊருக்குத் திரும்ப, அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று தொற்று பரவியது. 'கோயம்பேட்டுக்காரங்க' என்பது வசவுச் சொல் ஆனது. சில நாளில் மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசை துணைக்கோள் நகர நிலத்துக்கு இடம் மாறியது. நசரத்பேட்டையைத் தாண்டி இரவெல்லாம் லாரிகள் போயின. செப்டம்பர் கடைசியில் கோயம்பேடு திறக்கும்வரை மழைச் சேற்றில் அங்கே மூட்டை இறங்கியது.

வேலை இடங்களின் வாசலில் வெப்பம் பார்க்க வேண்டும் என்பது 2020 ஏப்ரல் 15 மத்திய உள்துறை ஆணை. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கம்பெனி வாசல்களில் ஒரு துப்பாக்கி. நெற்றியில் காட்டு, எண் சரி, உள்ளே போ. அந்தக் கருவி யாருக்காக வேலை செய்தது? உடம்பு சூடில்லாத, வாசனை போன, ஐந்தாம் நாளில் இருக்கிற தொழிலாளியை அது 'வேலைக்குத் தகுதி' என்று முத்திரை குத்தியது. காய்ச்சல் இருந்தவரும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தால் தாண்டிவிடலாம். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாதவர் போடாமல் என்ன செய்வார்? மிச்சமிருந்த நோயாளியையும் கூலி முறை ஒளித்து வைத்தது. நோயின் கடிகாரமும் சம்பளத்தின் கடிகாரமும் இப்படி ஒத்துப்போயின: முதல் வாரம் முழுக்க வேலை வாங்கலாம், இரண்டாம் வாரம் ஆள் வராவிட்டால் அடுத்த ஆள்.

சென்னை மாநகராட்சி தெருத்தெருவாக நடத்தியதும் 'காய்ச்சல் முகாம்'தான். பெயர் பழையது. ஆனால் அங்கே உருப்படியான ஒரு காரியம் நடந்தது: வாசனை தெரிகிறதா என்று கேட்டார்கள், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினார்கள். 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. உடம்பு சொல்லாததை அந்தச் சின்ன கிளிப் சொன்னது.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தக் கருவி தோலின் வழியே ஒளியை அனுப்பி அளக்கிறது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 பேருக்கு; கறுப்பினத்தவரில் 11.7 பேருக்கு. வெளுத்த தோலுக்குப் பொருந்தும்படி அளவு வைத்த கருவி கறுத்த தோலிடம் பொய் சொல்கிறது. கறுப்பு நம் தோலும்தான். அளவுகோலுக்குள்ளேயே இனம் உட்கார்ந்திருக்கிறது.

5

கடைசியாக, கட்டம். 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்டுப்போன 444 சாவுகளைத் தமிழக அரசு கணக்கில் சேர்த்தது. அன்றாட அறிக்கைகளில் 'இணைநோய்' என்ற சொல் சாவுக்குப் பக்கத்திலேயே நின்றது. சர்க்கரையால் செத்தார், ரத்தக்கொதிப்பால் செத்தார். 1918இல் நிமோனியாவைக் காய்ச்சல் விழுங்கியது. 2020இல் அதை விழுங்க இணைநோய் வாய் திறந்திருந்தது.

'ஃபுளு மாதிரிதான்' என்ற பேச்சு இன்று ஓரளவு உண்மைக்கு அருகில் வந்திருக்கிறது. 2020 வசந்தத்தில் பிரான்சின் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் நூற்றுக்கு 16.9 பேர் இறந்தார்கள். 2018–19 குளிர்கால ஃபுளுவில் 5.8. 2022–23இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் முப்பது நாளில் இறந்தவர்கள் கொரோனாவில் ஏறத்தாழ 6, ஃபுளுவில் 3.7. ஒமிக்ரானுக்குப் பிறகு வாசனை போவதும் குறைந்தது. இதை வைத்து 2020இல் அப்படிச் சொன்னவர்கள் சரி என்று ஆகிவிடாது. தடுப்பூசியும், தொற்றைத் தாங்கி மீண்ட உடல்களும், மீளாத உடல்களும் சேர்ந்து அந்த இடைவெளியைச் சுருக்கியிருக்கின்றன. இரண்டு நிமோனியாக்களின் வேறுபாடும் ஒரு தேதியோடு சேர்த்துத்தான் உண்மை.

அடுத்து வருவது ஃபுளுவாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். அதன் கடிகாரம் என்ன, அது உடம்பில் எதை மறைக்கிறது என்பதைச் சங்கங்கள் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும். வாசலில் துப்பாக்கி வைக்கிற முதலாளியிடம், நோயின் நாட்கள் முழுவதற்கும் கூலியோடு விடுப்புக் கேட்க வேண்டும். பேட்டையில் யார் செத்தாலும், பதிவேட்டின் எந்தக் கட்டத்தில் எழுதினார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும். கட்டம் இல்லையென்றால், போடச் சொல்ல வேண்டும்.