ஜாமிலாவுக்குத் தண்ணீர், சீபோஸுவுக்கு ராக்கெட்

‘அல்ட்ராமேன்’ என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் 39 அத்தியாயங்களில் வந்துபோன அரக்கர்களுள் ஜாமிலாவையும் சீபோஸுவையும் அருகருகே நிறுத்திப் பார்க்க எளிதில் தோன்றாது. ஜாமிலாவின் கதை தொண்டையை அடைக்கும். சீபோஸுவின் கதை பெரும்பகுதி சிரிப்புதான். ஆனால் 1966 டிசம்பர் 18இல் ஒளிபரப்பான 23ஆம் அத்தியாயத்தையும், 1967 மார்ச் 12இல் ஒளிபரப்பான 35ஆம் அத்தியாயத்தையும் எழுதியவர் ஒருவரே: மாமோரு சசாகி. இயக்கியவரும் ஒருவரே: அகியோ ஜிஸ்ஸோஜி. மூன்று மாத இடைவெளியில் இருவரும் ஒரே கதையை இருமுறை சொல்லியிருக்கிறார்கள், இரண்டாம் முறை தலைகீழாக என்பது என் கணிப்பு.

ஜாமிலாவுக்குப் பூமிதான் வீடு; வந்து சேர்ந்ததே குற்றமாகிறது. சீபோஸுவுக்குப் பூமி அந்நியம். இங்கிருந்து போக முடியாததே துயரமாகிறது. முன்னவன் நீரில்லாத கோளில் தன் நாட்டால் கைவிடப்பட்டு அரக்கனாக உருமாறிய விண்வெளி வீரன். பின்னது விண்வெளியிலுள்ள அரக்கர் இடுகாட்டிலிருந்து தவறி விழுந்த எலும்புக்கூடு. உருவத்திலும் இந்த முரண் தெரிகிறது: கோடையில் வற்றிய ஏரிப் படுகைபோல் வெடித்த ஜாமிலாவின் தோலில் தாகம் எழுதப்பட்டிருக்கிறது, சீபோஸுவுக்கோ தோலே இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதிகாரபூர்வ அளவுகளின்படி ஜாமிலா 50 மீட்டர் உயரம், 10,000 டன் எடை. வெறும் எலும்பான சீபோஸு 40 மீட்டர், 30,000 டன். செத்தவன் உயிருள்ளவனைவிட மூன்று மடங்கு கனம்!

இருவரும் செய்யும் அழிவு ஒன்றல்ல. ஜாமிலா பழிவாங்க வந்தவன். அமைதி மாநாட்டுக்கு வருபவர்களைத் தாக்குகிறான், ஒரு கிராமத்தையே கொளுத்துகிறான். சீபோஸுவுக்கு யார்மீதும் பகையில்லை. உயரமான கட்டடமொன்றின்மீது ஏறி, வானை நோக்கித் தாவி, தரையில் விழுகிறது. எழுந்து, வீட்டுக்கு வர மறுக்கும் பிள்ளையைப்போல் முரண்டு பிடிக்கிறது. இருந்தும் தொடரின் நாயகன் அல்ட்ராமேன் இருவர்மீதும் தன் புகழ்பெற்ற ஸ்பீசியம் கதிரை ஏவுவதில்லை. ஜாமிலாமீது தண்ணீரைப் பாய்ச்சுகிறான். எந்த நீருக்காக ஏங்கி உருமாறினானோ, அதே நீரில், சேற்றில் புரண்டு, குழந்தை அழுவதுபோன்ற குரலில் ஜாமிலா அடங்குகிறான். ஸ்பீசியம் கதிரால் கொன்றிருந்தால்கூட இவ்வளவு கொடுமையாகப் பட்டிருக்காது. சீபோஸுவையோ பிடித்திழுத்து, அதட்டி, அல்ட்ராமேன் வடிவிலேயே செய்த ராக்கெட்டோடு சேர்த்து வானுக்கு அனுப்புகிறான்.

வியப்பு சடங்குகளில் இருக்கிறது. ஜாமிலாவுக்கு மரியாதை சாவுக்குப் பின் வருகிறது: மனிதகுலத்தின் கனவுக்கும் அறிவியல் வளர்ச்சிக்கும் தன்னை ஈந்தவன் என்று பிரெஞ்சில் பொறித்த கல். பலியானவர்களுக்கு எப்போதும் சொற்கள் மட்டும் அழகாகக் கிடைக்கும் என்று, அரக்கர்களை எதிர்கொள்ளும் அறிவியல் சிறப்புப் படையின் வீரன் இடே அங்கே கசந்துபோகிறான். 35இல் சடங்கு முந்திக்கொள்கிறது. இடுகாட்டைப் பற்றி அறிந்ததும் அறிவியல் சிறப்புப் படையினர் தாங்கள் கொன்ற அரக்கர்களின் படங்களை வைத்துப் பௌத்த முறையில் நினைவுச் சடங்கு நடத்துகிறார்கள். அல்ட்ராமேனாக உருமாறும் படைவீரன் ஹயாட்டா தனியே நின்று அந்த அரக்கர்களிடம் மன்னிப்புக் கேட்கிறான். அதன் பிறகே சீபோஸு விஷயத்தில் படையினர் வேறுவிதமாக நடந்துகொள்கிறார்கள்.

இங்கே இன்னொரு முரணும் உண்டு. ஜாமிலா யார் என்பது மேலிடத்துக்குத் தெரியும். தெரிந்தே, அவனை அரக்கனாகக் கருதிக் கொல்லும்படி உத்தரவு வருகிறது. சீபோஸு யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அது வானைப் பார்த்து ஊளையிடுவதைக் கண்டு, திரும்பிப் போகத்தான் துடிக்கிறது என்று ஊகிக்கிறார்கள். முழு விவரமும் இருந்த இடத்தில் கொலை, வெறும் ஊகம் இருந்த இடத்தில் கருணை.

இந்தக் கருணையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்க வேண்டும். சீபோஸுவை அனுப்பிவைப்பது எல்லாருக்கும் வசதி. அதன் வீடு தொலைவில் இருக்கிறது, அங்கே போட்டியிட யாருமில்லை. ஜாமிலா கேட்டதோ நம் இடத்தில் பங்கு, கூடவே ஓர் அரசின் மானம். அவனுக்கு இடம் கொடுப்பதுதான் கடினம். ஆகவே இரண்டில் கனமான படைப்பு 23தான் என்பேன். ஆனால் 35 இல்லாவிட்டால் அந்தக் கனம் பாதிதான் தெரியும். தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் நடுவிலுள்ள பதினோரு அத்தியாயங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள், 23 முதலில்.